திருகோணமலை நகரக் கழிவுநீர்: எந்த முறைக்கு எவ்வளவு செலவாகும்?

மட்டிக்களிவாசி எழுதியது:

கடந்த மார்கழி மழையில் எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடுகளின் மலசலகூடங்களில் ஒரே கிழமையில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. நிலத்தடி நீர் மேலேறி உறிஞ்சுகுழிகளை நிரப்பிவிட்டதால், எத்தனை வாளி ஊற்றினாலும் போவதற்கு இடமில்லை என்பதை மேசன் வந்து சொன்ன பிறகுதான் விளங்கிக்கொண்டோம். அதன் பின்னர் ஒழுங்கையில் நடந்த பேச்செல்லாம் "நகரத்துக்கு ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் தீர்ந்தது" என்றே முடிந்தது. கட்டுவதென்றால் எதைக் கட்டுவது? குளம் வெட்டுவதா, கழிவுநீருக்குள் காற்றை ஊதி நுண்ணுயிர்களால் சுத்தமாக்கும் காற்றூட்டும் இயந்திர நிலையமா, கொழும்பைப்போல் கடலுக்குள் குழாய் விடுவதா, அல்லது இருக்கும் குழிகளையே ஒழுங்காகப் பவுசரால் (தொட்டி பூட்டிய லொறியால்) இறைப்பதா? கட்டும் செலவை மட்டுமன்றி 20 ஆண்டுகள் நடத்தும் செலவையும் சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள் எழுதினால் நன்று. கட்சிக் கதைகளை வேறு இடத்தில் பேசிக்கொள்ளலாம்.

பழைய பொறியாளர் எழுதியது:

தம்பி, நீங்கள் நிலையத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். செலவோ நிலையத்தில் இல்லை, வீதிக்குக் கீழே இருக்கிறது. குழாய்வழிக் கழிவுநீர்த் திட்டம் ஒன்றின் மூலதனத்தில் பாதிக்கு மேல், பல இடங்களில் முக்கால் பங்கு வரை, குழாய் வலையமைப்பும் ஆள்புகு குழிகளும் நீரேற்று நிலையங்களும் விழுங்கிவிடும். இலங்கை முழுவதிலும் குழாய் இணைப்பு உள்ளவர்கள் சனத்தொகையில் ஏறக்குறைய 2 வீதம்தான் என்பதற்கு முதற்காரணம் இதுவே. கொழும்பின் வலையமைப்பு ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கப்பட்டது. கண்டி கன்னொறுவ நிலையம் ஜப்பானியக் கடனில் வந்தது.

திருகோணமலையின் தரை இந்தச் செலவை இன்னும் ஏற்றிவிடும். உவர்மலைப் பக்கமும் கோட்டைப் பக்கமும் படிகப் பாறை. கடற்கரையை அண்டிய பகுதிகளில் மணலும், ஒரு மீற்றர் தோண்டுவதற்குள் தண்ணீரும். கழிவுநீர் தானாக ஓட வேண்டுமானால் குழாய்க்குச் சாய்வு வேண்டும். 150 மில்லிமீற்றர் குழாயை 150க்கு 1 என்ற சாய்வில் பதித்தால், ஒரு கிலோமீற்றர் போவதற்குள் குழாய் ஏறக்குறைய 6.7 மீற்றர் கீழே இறங்கிவிடும். மேட்டு நிலத்தில் வீதியே இறங்குவதால் பிரச்சினை இல்லை. மட்டிக்களி போன்ற சமதரையில் அந்த ஆழத்துக்குப் போவதென்றால், அகழியின் இரு பக்கமும் இரும்புத் தகடு இறக்கி, இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே குழாய் பதிக்க வேண்டும். அந்த ஆழத்தைத் தவிர்க்க ஒரு கிலோமீற்றருக்கு ஒரு நீரேற்று நிலையம் என்று வைத்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பம்பிகள், ஒரு ஜெனரேட்டர், ஒரு காவலாளி. ஆகவே எந்தச் சுத்திகரிப்பு முறை மலிவு என்ற கேள்வி, குழாய் எவ்வளவு தூரம் போகப்போகிறது என்ற கேள்விக்குப் பின்னால்தான் வரவேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா சொல்வது சரி. ஆனாலும் நிலையத்தின் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் குழாய்க்கான கடனை ஒருநாள் அடைத்துத் தீர்த்துவிடலாம், நிலையத்தின் மின்பட்டியல் நிற்கப்போவதில்லை.

கணக்கு எளிதாக இருப்பதற்காக 50,000 பேர், ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் கழிவுநீர் என்று வைத்துக்கொள்கிறேன். அது நாளொன்றுக்கு 5,000 கனமீற்றர். காற்றூட்டும் நிலையம் ஒரு கனமீற்றருக்கு 0.3 முதல் 0.6 அலகு வரை மின்சாரம் எடுக்கும், நடுவில் 0.5 என்று கொண்டால் நாளுக்கு 2,500 அலகு, ஆண்டுக்கு 9,12,500 அலகு. அலகு 30 ரூபாய் என்பது என்னுடைய எடுகோள். அதன்படி ஆண்டுக்கு 27.4 மில்லியன் ரூபாய். இதை 20 ஆண்டுகளுக்கு, 8 வீத வட்டியில், இன்றைய பெறுமதிக்கு, அதாவது அவ்வளவு ஆண்டுச் செலவுக்கும் இன்றே வட்டிக்குப் போட்டுவைக்க வேண்டிய தொகைக்கு, கொண்டுவந்தால் 269 மில்லியன் ரூபாய். இது காற்றூட்டுவதற்கான மின்சாரம் மட்டுமே. ஆட்களும் உதிரிப்பாகங்களும் வேறு.

குளங்களுக்கு மின்சாரம் ஏறக்குறைய வேண்டியதில்லை. காற்றில்லாக் குளம், அதன்பின் பாசி வளரும் ஆழம் குறைந்த குளம், கடைசியில் கிருமிகள் வெயிலில் மடியும் குளம் என்று மூன்று படிகள். வேலையைச் சூரியன் செய்கிறது. ஆனால் நிலம் வேண்டும். எங்கள் வெப்பநிலையில், கரைகளும் பாதைகளும் சேர்த்து ஆளுக்கு 2 சதுரமீற்றர் என்று கொண்டால் 10 ஹெக்டயர். காற்றூட்டும் நிலையத்துக்கு ஒரு ஹெக்டயர் போதும். வித்தியாசம் 9 ஹெக்டயர், பேர்ச் ஒன்று 25.3 சதுரமீற்றர் என்பதால் ஏறக்குறைய 3,560 பேர்ச். 269 மில்லியனை அதனால் பிரித்தால் பேர்ச்சுக்கு ஏறத்தாழ 75,500 ரூபாய் வருகிறது. நிலம் அந்த விலைக்குக் கீழே கிடைத்தால் குளம் இலாபம். மேலே போனால் இயந்திரம் இலாபம். நகரத்துக்குள் பேர்ச் இலட்சக்கணக்கில் போகிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கன்னியாவுக்கு அப்பால் போனால் கதை மாறும்.

இதிலே ஒரு நுணுக்கமும் உண்டு. மின்சாரத்துக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது. குளத்துக்கு வாங்கிய நிலம் 20 ஆண்டுகள் கழித்தும் சபையின் சொத்தாகவே இருக்கும், பெரும்பாலும் விலை ஏறியும் இருக்கும். இந்த மீதிப் பெறுமதியைக் கணக்கில் சேர்க்காமல் "குளம் செலவு கூடியது" என்று எழுதிய அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன்.

பழைய பொறியாளர் எழுதியது:

கன்னியாவுக்கு அப்பால் என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். அங்கே கழிவுநீர் நடந்து போகாது. 30 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால், பம்பியின் திறன் 60 வீதம் என்று கொண்டு, கனமீற்றருக்கு 0.14 அலகு ஆகும். அதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சேர்த்தேன் ஐயா. ஆண்டுக்கு 7.7 மில்லியன், இன்றைய பெறுமதியில் 75 மில்லியன். எனவே மிச்சம் 194 மில்லியனாகக் குறைகிறது. பேர்ச்சின் எல்லை விலையும் 54,500 ரூபாய்க்கு இறங்குகிறது. தூரக் குழாயின் விலையைச் சேர்த்தால் இன்னும் இறங்கும்.

வடசென்னைக்காரன் எழுதியது:

நான் தமிழ்நாட்டில் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை செய்தவன். என் மனைவியின் ஊர் சாம்பல்தீவு என்பதால் இந்த விவாதத்தைத் தொடர்ந்து படிக்கிறேன். காற்றூட்டும் முறையைப் பற்றி அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டியில் வேலை செய்வது இயந்திரம் அல்ல, நுண்ணுயிர். காற்று நின்றால் சில மணி நேரத்தில் அவை திணறத் தொடங்கும். சாக்லேட் நிறத்தில் இருந்த நீர் கறுத்துப்போகும், அழுகிய முட்டை வாடை வரும், படிய வேண்டிய கசடு படியாமல் வெளியேறும் நீரோடு போய்விடும். பழைய நிலைக்குக் கொண்டுவர நாட்கள் ஆகும். உங்கள் நாட்டில் 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதாகச் செய்தியில் படித்தபோது, அங்குள்ள நிலையங்களில் இரவுப் பணியில் இருந்தவர்களைத்தான் நினைத்தேன்.

பெரிய நிலையங்களில் கசட்டைச் செரிக்க வைத்து, வரும் எரிவாயுவில் மின்சாரம் எடுக்கலாம். சென்னையில் அப்படி நடக்கிறது. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மறுபடியும் சுத்திகரித்து மணலிப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையமும் 2019 முதல் இயங்குகிறது. ஆனால் நாளுக்கு 5,000 கன மீட்டர் என்ற அளவில் எரிவாயு இயந்திரம் தன் பராமரிப்புச் செலவையே ஈடுகட்டாது. நீரை வாங்கத் தொழிற்சாலை பக்கத்தில் வேண்டும். சீனக்குடாவில் இருக்கிறதே என்பீர்கள். அதற்கு வேறு குழாய், வேறு பேரம்.

சவ்வு வடிகட்டி முறையை யாராவது விற்க வந்தால் கவனமாக இருங்கள். வெளியேறும் நீர் கண்ணாடிபோல் இருக்கும், இடமும் குறைவு. ஆனால் மின்சாரம் கனமீட்டருக்கு 0.8 யூனிட்டுக்கு மேலே போகும். சவ்வை 10 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும், அதுவும் வெளிநாட்டுப் பணத்தில்.

மணற்கேணி எழுதியது:

நான் உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். குளம் மலிவு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களை யாராவது நினைத்தீர்களா? வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து கடலை நோக்கி வீசுகிறது. எங்களுக்கு வெளிநாட்டார் வரும் காலமும் அதுவே. நகரத்துக்கு மேற்கே காற்றில்லாக் குளம் வெட்டினால் அதன் வாடை முழுவதும் நகரத்தின் மேலால் வந்து கடற்கரையில்தான் இறங்கும். வாடைக்காற்றுக் காலத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்போது கடற்கரையில் ஆளில்லை. மான்கள் வேறு இருக்கின்றன. பேருந்து நிலையத்தடியில் வாழைப்பழத் தோல் தின்னும் மான்கள் கடைசிக் குளத்தில் தண்ணீர் குடிக்காது என்று யார் உறுதி சொல்வது?

கடலுக்குள் நீண்ட குழாய் விட்டால் என்ன? கொழும்பில் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் அப்படித்தானே செய்கிறார்கள்?

பழைய பொறியாளர் எழுதியது:

காற்றைப் பற்றிய குறிப்பு மிகவும் சரியானது, அக்கா; நான் அதை யோசிக்கவில்லை. காற்றில்லாக் குளத்தை மூடலாம், அல்லது அதை விட்டுவிட்டு இரண்டாம் படிக் குளத்தையே பெரிதாக வெட்டலாம். முதலாவதற்குப் பணம் வேண்டும், இரண்டாவதற்கு நிலம் வேண்டும். ஆகவே பேர்ச்சின் எல்லை விலை மறுபடியும் இறங்குகிறது.

கடற்குழாய் விடயத்தில் நான் உடன்படவில்லை. கொழும்பின் குழாய்கள் திறந்த கடலில், கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் போய் முடிகின்றன. எங்களுக்கு அந்த வசதி ஒரு பக்கத்தில்தான் உண்டு. உட்துறைமுகம் நாற்புறமும் நிலம் வளைத்த நீர். ஓதம் ஒரு மீற்றருக்கும் குறைவாக ஏறி இறங்கும் இந்தக் கரையில் அதற்குள் விட்ட கழிவு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வடக்கே போனால் உங்கள் உப்புவெளி, அதற்கப்பால் நிலாவெளியும் புறாத்தீவின் பவளப்பாறைகளும். மிச்சம் இருப்பது கோணேசர் மலைக்குக் கிழக்கே உள்ள ஆழ்கடல். கோயிலின் அடியில் கழிவுநீர்க் குழாய் என்று சபையில் ஒருவர் வாய் திறந்து பார்க்கட்டும்.

சட்டப்படி கடலில் விடும் நீருக்கு வரம்பு தளர்வானது என்பது உண்மை. 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரின் உயிர்வேதி ஒட்சிசன் தேவை (நீரில் மிஞ்சியிருக்கும் அழுகும் அழுக்கின் அளவுகோல்) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; கரையோரக் கடலுக்கு அது 100. ஆகவே கடற்குழாய் போடுபவர் நிலையத்தில் மிச்சம் பிடிக்கலாம். அந்த மிச்சத்தைக் கடலடிக் குழாய் பதிக்க வரும் கப்பலுக்குக் கொடுத்துவிடுவார்.

சுகாதாரப் பரிசோதகர் எழுதியது:

இவ்வளவு நேரமும் குழாயில் வரும் நீரைப் பற்றியே பேசியிருக்கிறோம். நான் நாளாந்தம் காண்பது குழிகளை. 6 பேர்ச் காணி என்பது ஏறக்குறைய 12 மீற்றருக்கு 12 மீற்றர். அதற்குள் வீடு, கிணறு, குழி மூன்றும் இருக்கின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் அயலவரின் கிணறு இருக்கிறது. கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 15 மீற்றராவது இருக்க வேண்டும் என்று நாங்கள் படிவத்தில் எழுதுகிறோம். அந்தக் காணியில் மூலைக்கு மூலை அளந்தாலே 17 மீற்றர்தான். குழாய்நீர் வந்த பிறகும் குளிப்பதற்கும் உடுப்புத் துவைப்பதற்கும் கிணற்றை விடாத வீடுகள் பல.

இனிச் செலவு. கணக்குப்பிள்ளை ஐயாவின் அதே 50,000 பேரை எடுக்கிறேன். வீட்டுக்கு நால்வர் என்றால் 12,500 வீடுகள். ஒவ்வொரு தொட்டியையும் 5 ஆண்டுக்கு ஒரு முறை இறைத்தால் ஆண்டுக்கு 2,500 தொட்டிகள். வேலைநாள் 300 என்றால் நாளுக்கு எட்டு அல்லது ஒன்பது. ஒரு பவுசர் நாளுக்கு நான்கு தடவை போய்வர முடியுமானால் மூன்று பவுசர்கள் தாராளமாகப் போதும். நாளொன்றுக்கு வரும் மலக்கசடு ஏறக்குறைய 30 கனமீற்றர். உங்கள் 5,000 கனமீற்றர் எங்கே, இந்த 30 எங்கே? இது பல மடங்கு தடிப்பானது என்பதை மறுக்கவில்லை. கனமீற்றருக்கு 20 கிலோ திண்மம் என்று கொண்டால் ஆண்டுக்கு 180 தொன். உலர்த்தும் மணற்படுக்கை சதுரமீற்றருக்கு ஆண்டுக்கு 150 கிலோ தாங்கும் என்றால் 1,200 சதுரமீற்றர் படுக்கை போதும். வடியும் நீருக்குச் சிறு குளமும் நாணற்படுக்கையும் சேர்த்தாலும் இரண்டு ஏக்கருக்குள் அடங்கிவிடும். மழைக்காலத்தில் ஐப்பசி முதல் தை வரை திறந்த படுக்கை காயாது. ஆகவே மேலே ஒளிபுகும் தகட்டுக் கூரை போட வேண்டும். இங்கே அந்தக் கூரைதான் பெரிய செலவு.

கர்நாடகத்தில் தேவனஹள்ளியிலும் தமிழ்நாட்டில் கருங்குழியிலும் சிறு நகரங்கள் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. மணிலாவில் நீர்ப்பட்டியலோடு ஒரு கட்டணத்தை அறவிட்டு, ஏறக்குறைய 5 ஆண்டுக்கு ஒரு முறை பவுசரே வீடு தேடி வருகிறது. இங்கே நிரம்பி வழிந்த பின்னர்தான் கூப்பிடுகிறார்கள். அப்போது கூட்டித் தருவது கட்டணமல்ல, கெஞ்சல்.

இன்னொன்று. குளம் வெட்டினால் டெங்கு வரும் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். 2017இல் கிண்ணியா பட்ட பாடு நினைவிருப்பதால் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் டெங்கு நுளம்பு பெருகுவது தெளிந்த நீர் தேங்கும் யோகட் கோப்பையிலும் ரயரிலும் பீலியிலும். கழிவுநீர்க் குளத்தின் கரையில் புல் வளரவிட்டால் வருவது கியூலெக்ஸ் நுளம்பு. அதைத் தடுக்கக் கரைக்குக் கல் பதித்து, மாதம் ஒரு முறை புல் வெட்டும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இந்தச் சம்பளத்தையும் ஒருவரும் கணக்கில் எழுதவில்லை.

வடசென்னைக்காரன் எழுதியது:

பரிசோதகர் ஐயாவின் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. செப்டிக் தொட்டி அழுக்கில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடித்து வைக்கும். மிச்சமும் நைட்ரேட்டும் நீரோடு மணலுக்குள் இறங்கிவிடும். எத்தனை பவுசர் ஓட்டினாலும் அக்காவின் உப்புவெளிக் கிணறு அதனால் சுத்தமாகாது. அங்கே ஹோட்டல்கள் நெருங்கி இருக்கும் இடத்தில் பவுசர் மட்டும் என்பது மலிவான விடை, ஆனால் அரைவிடை.

சுகாதாரப் பரிசோதகர் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். மணற்பாங்கில் நெருக்கமாக விடுதிகள் உள்ள பகுதிக்கு அது போதாது.

மணற்கேணி எழுதியது:

அப்படியானால் நாங்கள் சேர்ந்து ஒன்றைக் கட்டினால்? ஐந்தாறு விடுதிகள் இணைந்து, மின்சாரம் தேவைப்படாத தொட்டி வரிசையும் கல்வாழை நட்ட சரளைப் படுக்கையும் அமைத்தால், வரும் நீரைத் தென்னைக்கு விடலாம். புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்தில் அத்தகைய அமைப்பு நடக்கிறது என்று படித்தேன். ஆனால் யாருடைய காணியில் கட்டுவது என்று வந்தவுடன் கூட்டம் கலைந்துவிடுகிறது. போன ஆண்டும் அப்படித்தான் கலைந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

என் பழைய கணக்குக்கு நானே ஒரு திருத்தம் போடுகிறேன். 8 வீத வட்டி என்று எடுத்தேன். 4 வீதமென்றால் மின்சாரத்தின் இன்றைய பெறுமதி 372 மில்லியன். 12 வீதமென்றால் 205 மில்லியன். வட்டி குறையக் குறையக் குளம் வெல்லும். கூடக்கூட இயந்திரம் வெல்லும். சலுகைக் கடன் குறைந்த வட்டிக்கு வருகிறது என்பார்கள். ஆனால் அது வெளிநாட்டு நாணயத்தில் வருகிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டபோது, 2 வீத வட்டிக் கடனும் கந்துவட்டியாகிவிட்டது. அதே காலத்தில் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. நான் எடுத்த 30 ரூபாய் 20 ஆண்டுக்கும் அப்படியே நிற்கும் என்று நம்புவது கணக்கல்ல, நேர்த்திக்கடன்.

ஆகவே, டொலரில் வாங்கி மின்சாரத்தில் ஓடும் எதையும் நான் கடைசியில்தான் வைப்பேன். மண்ணிலும் கல்லிலும் உள்ளூர்க் கூலியிலும் முடியும் வேலைகளை முதலில் வைப்பேன். பரிசோதகரின் இரண்டு ஏக்கர் அதில் முதலாவது.

பழைய பொறியாளர் எழுதியது:

என் முடிவும் அதற்கு அருகில்தான். நகரம் முழுவதற்கும் பவுசரும் உலர்த்தும் படுக்கையும் இப்போதே வேண்டும். ஏனென்றால் நாளைக்கே குழாய் வந்தாலும் அது வராத வீடுகள் 20 ஆண்டுக்குப் பிறகும் இருக்கும். குழாயை வைத்தியசாலை, சந்தை, கடைத்தெரு, மாடிக் கட்டடங்கள் நெருங்கிய நடுப்பகுதிக்கு மட்டும் போடலாம். அதையும் வீதியின் நடுவில் ஆழமாகப் போடாமல், பிரேசிலில் 1980களில் தொடங்கிய முறைபோல் வீட்டு வளவுகளின் பின்பக்கமாக ஆழம் குறைத்துப் பதித்தால் செலவு நன்றாகக் குறையும். லொறி ஏறாத இடத்தில் குழாய்க்கு ஒரு மீற்றர் மண்மூடி தேவையில்லை. ஆனால் அடைப்பு எடுக்க அயலவர் வளவுக்குள் போக அனுமதி வேண்டும். பாறை உடைப்பதைவிட அது கடினமான வேலை என்று என் 31 ஆண்டு அனுபவம் சொல்கிறது.

மட்டிக்களிவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெரிய நிலையத்தைக் கேட்டு வந்தவன் என் வீட்டுத் தொட்டியின் மூடியை நெம்பித் திறந்தேன். பரிசோதகர் ஐயா தனிச்செய்தியில் சொன்னபடி நீண்ட தடியில் வெள்ளைத் துணி சுற்றி, அடிவரை மெதுவாக இறக்கி, சற்றுநேரம் வைத்துத் தூக்கினேன். துணி 1.2 மீற்றர் நனைந்திருந்தது. அதில் அடியிலிருந்து 70 சதமமீற்றர் கறுப்பாக, களிபோல் ஒட்டியிருந்தது. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இறைக்க வேண்டுமாம். எங்களுடையது பாதியையே தாண்டிவிட்டது. கட்டி 14 ஆண்டுகளில் ஒரு முறையும் இறைக்கவில்லை. உறிஞ்சுகுழி அடைபட்டதற்கு மழை மட்டும் காரணமல்ல என்பது இப்போது தெரிகிறது.

தனியார் பவுசர் ஒன்றை வரவழைத்துச் செவ்வாய்க்கிழமை இறைத்தோம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று சாரதியிடம் கேட்டேன். அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "ஏன் அண்ணா, உங்களுக்குத் திரும்ப வேணுமா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.